இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறதா? தொலைந்தது நியூட்ரல்

கேள்வி:

ஐயா, எங்கள் வீடு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. கீழ்த்தளம் 1996இல் கட்டியது. மாடி 2010இல் எடுத்தோம். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் ஹாலிலும் பின்னறையிலும் மட்டும் லைட், ஃபேன் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. சமையலறையிலும் மாடியிலும் கரண்ட் இருந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்தால் ஹால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரிந்தது. வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் தம்பி “டபுள் பேஸ் வருகிறது” என்று சொல்லி, எர்த்திலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்து எல்லாவற்றையும் எரிய வைத்தார். கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் ஆர்சிசிபி சுவிட்ச் அடிக்கடி விழுந்ததால், அதைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்து அதையும் டைரக்ட் செய்துவிட்டுப் போனார்.

இப்போது ஹாலில் அயர்ன் பாக்ஸ் போட்டால் லைட் மங்குகிறது. குளித்துவிட்டு ஈரக்காலோடு ஃபிரிட்ஜைத் தொட்ட என் அம்மாவுக்குச் சுர்ரென்று இழுத்திருக்கிறது. அவருக்கு 78 வயது. வேறொருவர் வந்து பார்த்துவிட்டு, வயரிங் பழசாகிவிட்டது, சுவரை உடைத்து மொத்தமும் மாற்ற வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார். பொங்கலுக்கு வெள்ளையடித்து, டிவியை ஹால் சுவரில் மாட்டினோம். அதைத் தவிர எந்த வேலையும் செய்யவில்லை. பின்னறை எல்இடி பல்பு ஒன்று சுவிட்சை அணைத்த பிறகும் மின்மினி மாதிரி மினுங்குகிறது. எல்லாவற்றுக்கும் சம்பந்தம் உண்டா? என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதை முழுதும் படிப்பதற்கு முன்னால் எழுந்து போய் ஒரு வேலை செய்துவிட்டு வாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அதை அணையுங்கள். பிறகு மெயின் லைன் அறை அறையாகப் பிரியும் டிபி பெட்டியில் ஹாலுக்கும் பின்னறைக்கும் போகும் எம்சிபியை, அதாவது கரண்ட் அதிகமானால் தானாக விழும் சிறு சுவிட்சை, இறக்கிவிடுங்கள். எது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள், ஹால் ஃபேன் எதில் நிற்கிறதோ அதுதான். அந்த எர்த் வயரைக் கழற்றும்வரை அதை மேலே தூக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் ஹால் இருட்டாக இருக்கட்டும். சமையலறையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவை ரப்பர் செருப்பு போடாமல் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எதன் பக்கமும் போகவிடாதீர்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. உங்கள் கடிதத்தில் இருக்கிற நான்கு விஷயங்களில் மூன்று ஒரே பழுதின் வேலை. அந்தப் பழுது சின்னது. அதற்குச் செய்த வைத்தியம்தான் ஆபத்தானது.

முதலில் அந்த “டபுள் பேஸ்”. உங்கள் வீட்டுக்கு ஒரு பேஸ்தான் வந்தது. காணாமல் போனது நியூட்ரல். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பேஸ் என்பது வாய்க்கால், நியூட்ரல் என்பது வடிகால். வாய்க்காலில் வந்த தண்ணீர் வயலைக் கடந்து வடிகாலில் இறங்க வேண்டும். வடிகால் எங்கோ அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வயலில் தண்ணீர் தேங்கி, வடிகாலிலும் அதே மட்டத்துக்கு நிற்கும். உங்கள் ஹாலில் நடந்தது அதுதான். பேஸிலிருந்து கிளம்பிய கரண்ட் பல்புக்குள்ளும் ஃபேன் சுருளுக்குள்ளும் புகுந்து நியூட்ரல் வயருக்கு வந்துவிட்டது, ஆனால் அங்கிருந்து டிபிக்குத் திரும்ப வழியில்லை. எனவே நியூட்ரல் ஓட்டையிலும் அதே 230 வோல்ட் போய் நிற்கிறது. டெஸ்டரை வைத்தால் இரண்டு பக்கமும் எரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே மட்டம் என்பதால் நடுவில் இருக்கும் பல்புக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இப்போது அந்தத் தம்பி செய்த வேலைக்கு வருவோம். எர்த்திலிருந்து வயர் கொடுத்ததும் லைட் எப்படி எரிந்தது? தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலைப் பூமியில் இறக்கியிருப்பார்கள். உங்கள் எர்த் குழியில் இறங்கிய கரண்ட் மண் வழியாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால் எரிகிறது. ஆனால் உங்கள் வீட்டு எர்த் வயர் தனியாக இருக்கும் வயர் கிடையாது. ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார் என்று இரும்பு உடம்பு உள்ள எல்லாமே அந்த ஒரே பச்சை வயரில் கோர்த்து இருக்கின்றன. எர்த் வயரில் எப்போதும் கரண்ட் ஓடக்கூடாது. ஏதாவது ஒரு கருவிக்குள் பேஸ் வயர் உடம்பில் ஒட்டினால், அந்த ஒரு கணம் மட்டும் வேலை செய்யக் காத்திருக்கும் வயர் அது. அதில் இப்போது உங்கள் ஹால் கரண்ட் முழுதும் ஓடுகிறது.

அயர்ன் பாக்ஸ் போட்டால் லைட் மங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உங்கள் எர்த் குழியின் தடை 15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பராமரிக்காத வீட்டுக் குழிக்கு இது ஒன்றும் அதிகம் இல்லை. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் அந்த வழியாக இழுக்கும் கரண்ட் மூன்றரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 15 ஓமில் அது ஓடும்போது சுமார் 50 வோல்ட் அங்கேயே தங்கிவிடுகிறது. ஹால் லைட்டுக்கு 180 வோல்ட்தான் கிடைக்கும், அதனால் மங்குகிறது. தங்கிய அந்த 50 வோல்ட் எங்கே நிற்கிறது என்றால், எர்த் வயரில் நிற்கிறது. அதாவது உங்கள் ஃபிரிட்ஜ் கதவில். அம்மாவின் ஈரக்காலுக்குச் சுர்ரென்றது அதுதான். சித்திரை, வைகாசியில் குழி காய்ந்தால் 15 ஓம் 50 ஓம் ஆகும், 100 ஓமும் ஆகும். குழிக்குப் போகும் வயர் துருப்பிடித்து அறுந்தால் முழு 230 வோல்ட்டும் வீட்டில் உள்ள அத்தனை இரும்பிலும் ஏறி நிற்கும். எம்சிபி விழாது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை அதிகக் கரண்ட் எதுவும் போகவில்லை.

ஆர்சிசிபி மட்டும்தான் உண்மையைச் சொன்னது. பேஸ் வழியாகப் போன கரண்ட் நியூட்ரல் வழியாக அப்படியே திரும்பி வருகிறதா என்பது ஒன்றுதான் அது பார்க்கும் கணக்கு. 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால் வெட்டிவிடும். ஒரு சீலிங் ஃபேன் எடுப்பதே சுமார் 300 மில்லிஆம்பியர். அது மொத்தமும் எர்த்தில் இறங்கினால் ஆர்சிசிபி நிற்குமா? விழுந்துகொண்டேதான் இருக்கும். அதைப் பழுது என்று நினைத்து டைரக்ட் செய்தது, குரைக்கிற நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்தது போல.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். குளியலறைக் குழாயைத் திறந்தால் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். கீசர் கிடையாது, குழாய்க்குப் பக்கத்தில் ஒரு வயரும் கிடையாது. மூன்று மணி நேரம் தேடினேன். கடைசியில் மாடியில் ஒரு அறைக்கு யாரோ எர்த்தை நியூட்ரலாகக் கொடுத்திருந்தது தெரிந்தது. தண்ணீர் மோட்டாரின் உடம்பு எர்த்தில், மோட்டாரிலிருந்து இரும்புக் குழாய், குழாயிலிருந்து குளியலறை. மே மாதம், எர்த் குழி வாசலில் காய்ந்து கிடந்தது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அன்று முதல் யார் எர்த்தை நியூட்ரலாகப் போட்டிருந்தாலும் அதைக் கழற்றாமல் நான் அந்த வீட்டை விட்டு வந்ததில்லை.

சரி, இனி பழுதைத் தேடுவோம். இதை நீங்களே செய்யச் சொல்லவில்லை. பல்பு, ஃபேன், சுவிட்ச், ஃபியூஸ் மாற்றுவதைத் தாண்டிய வயரிங் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்பது சட்டமும்கூட. வயர்மேன் தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் செய்வது சரியா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அந்தத் தம்பியையே மறுபடி கூப்பிடுவதாக இருந்தால் இதை அவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார், யாரோ அவருக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

முதல் வேலை, மெயினை அணைத்து எர்த்திலிருந்து இழுத்த வயரைக் கழற்றுவது, ஆர்சிசிபியைப் பழையபடி இணைப்பது. பிறகு கரண்ட்டைக் கொடுத்தால் ஹால் மறுபடி இருண்டுவிடும், பிளக்கில் இரண்டு ஓட்டையும் எரியும். பயப்படாதீர்கள், மூடிவைத்த பழுது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இப்போது ஹாலிலும் பின்னறையிலும் எல்லா சுவிட்சையும் அணைத்து, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு டெஸ்டரை மறுபடி வைக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் ஓட்டையில் விளக்கு அணைந்துவிட்டதா? ஒரே ஒரு லைட் சுவிட்சைப் போட்டதும் திரும்ப எரிகிறதா? அப்படியானால் நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நியூட்ரல் அறுந்திருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பளிச்சென்று எரிந்தால் கதை வேறு. எங்கோ பேஸ் வயர் நியூட்ரலை நேராகத் தொடுகிறது என்று பொருள்.

டெஸ்டரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது நம் உடம்பு வழியாகத்தான் எரிகிறது. உள்ளே சுமார் ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. துளியளவு கரண்ட் போதும் அதற்கு. ஆகவே வோல்ட்டேஜ் இருக்கிறது என்று சொல்லும், அதில் வேலை செய்யத் தெம்பு இருக்கிறதா என்று சொல்லாது. டிஜிட்டல் மல்டிமீட்டரும் இந்த விஷயத்தில் ஏமாற்றும். அறுந்து தொங்கும் வயரில்கூட 60, 70 வோல்ட் காட்டும். பக்கத்தில் ஓடும் பேஸ் வயரிலிருந்து தொற்றிக்கொண்ட போலி வோல்ட்டேஜ் அது. இதற்கெல்லாம் பழைய ஹோல்டர் ஒன்றில் 40 வாட் குண்டு பல்பு போட்டு இரண்டு வயர் விட்ட டெஸ்ட் லாம்ப்தான் நம்பகமானது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தால் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் இரண்டில் ஒன்று செத்திருக்கிறது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அதை வைத்துப் பார்க்காதீர்கள், ஆர்சிசிபி விழும். 40 வாட் என்றால் 170 மில்லிஆம்பியருக்கு மேல்.

அடுத்து, சுவரைத் தொடுவதற்கு முன் ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தெந்தப் பாயிண்ட் செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று எழுதினாலே பாதி வேலை முடிந்தது. இந்த மாதிரி வீடுகளில் டிபியிலிருந்து பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரு சுவிட்ச் போர்டுக்கு வரும். அங்கிருந்து அடுத்த போர்டுக்கு லூப் அடித்துக்கொண்டு போவார்கள். உங்களுக்கு ஹாலும் பின்னறையும் சேர்ந்து செத்திருக்கின்றன. பின்னறை மட்டும் செத்திருந்தால் ஹால் போர்டுக்கும் பின்னறைக்கும் நடுவே தேடச் சொல்வேன். இரண்டும் சேர்ந்து போனதால் அறுந்த இடம் டிபியில் தொடங்கி ஹால் போர்டுக்குள் முடிகிறது. பேஸ் ஒழுங்காக வருகிறது. எனவே பார்க்க வேண்டிய இடங்கள் மூன்றே மூன்று: டிபியில் நியூட்ரல் வயர்கள் எல்லாம் வந்து சேரும் நியூட்ரல் லிங்க் பட்டை, ஹால் போர்டுக்குள் இருக்கும் நியூட்ரல் ஜாயிண்ட், இரண்டுக்கும் நடுவே பைப்புக்குள் ஓடும் வயர்.

நியூட்ரல் லிங்க்கைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு திருகையும் ஸ்க்ரூ டிரைவரால் முடுக்கி, ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, திருகு தானாகவே தளர்ந்திருக்கும். ஒரு வயரின் பிளாஸ்டிக் மட்டும் பழுப்பேறி இருந்தால் அதுதான் ஆள்.

அங்கே எல்லாம் இறுக்கமாக இருந்தால் ஹால் போர்டைத் திறக்க வேண்டும். 1996 வீடு என்பதால், நீங்கள் மாற்றாமல் இருந்தால், அது மரப்பெட்டியின் மேல் ஷீட் அடித்த போர்டாக இருக்கும். நான்கு மூலைத் திருகையும் கழற்றி ஷீட்டை முன்னால் சாய்த்தால் பல்லி முட்டை ஓடும் எறும்பு மண்ணும் கொட்டும். பின்னால் சுவிட்சுகளுக்குப் போகும் வயர்களை விட்டுவிடுங்கள். மூலையில் கறுப்பு டேப் சுற்றி, கட்டைவிரல் தடிமனில் ஒரு கொத்து கிடக்கும். வந்த நியூட்ரல், பின்னறைக்குப் போகும் நியூட்ரல், ஒவ்வொரு லைட்டுக்கும் ஃபேனுக்கும் பிளக்குக்கும் போகும் நியூட்ரல் என ஏழெட்டு வயரை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியது. என் அனுபவத்தில் இந்த மாதிரி புகார் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். டேப்பைப் பிரித்தால் பசை உருகி, காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டும். உள்ளே செம்பு, செம்பு நிறத்தில் இருக்காது. சில இழைகள் கறுத்து, சில பச்சை பூத்து இருக்கும். ஒரு வயரை இரண்டு விரலால் அசைத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். வந்த நியூட்ரல் அதுவாக இருந்தால் உங்கள் வீட்டுப் பழுது கையில் கிடைத்துவிட்டது.

போர்டைத் திறந்ததும் எதையும் கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கையில் கிடைத்த நிறத்தில் வயர் இழுத்திருப்பார்கள். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்ற முறை உள்ளே இருக்கும் என்று நம்பிக் கை வைக்கக் கூடாது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் மல்டிமீட்டரின் பீப் சத்தத்தைக் கேட்க வேண்டியதுதான். மெயின் அணைந்திருக்க வேண்டும். இன்வெர்ட்டரும் அணைந்திருக்க வேண்டும், அதன் அவுட்புட் வயரையே கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போனபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் மாட்டினார்கள். அவசரத்தில் பல இடங்களில் லைட் லைனின் பேஸை மட்டும் பிரித்து இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிட்டார்கள். மெயினை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கை வைத்து அடி வாங்கியவர்கள் எங்கள் தொழிலில் நிறைய. மெயினை அணைத்த பிறகும் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஒரு நீள வயரின் முனையை டிபி நியூட்ரல் லிங்க்கில் மாட்டி, மறுமுனையை ஹால் போர்டுவரை தரையிலேயே இழுத்துக்கொண்டு வர வேண்டும். கொத்தைப் பிரித்து ஒவ்வொரு வயரையும் தனியாக்கி, நீள வயருக்கும் அதற்கும் நடுவே மீட்டரை வைக்க வேண்டும். ஒன்று மட்டும் பீப் அடித்தால் அதுதான் டிபியிலிருந்து வரும் நியூட்ரல். அது நன்றாக இருக்கிறது, கெட்டது ஜாயிண்ட் மட்டும். எதுவுமே பீப் அடிக்கவில்லை என்றால் வயர் பைப்புக்குள் அறுந்திருக்கிறது.

இங்கேதான் உங்கள் டிவி நினைவுக்கு வருகிறது. பொங்கலுக்கு மாட்டிய டிவி, போன மாதம் நின்ற லைட், நடுவே இடைவெளி இருக்கிறதே என்று தோன்றலாம். டிரில் பிட் வயரை முழுதாக அறுக்க வேண்டியதில்லை. சில இழைகளை வெட்டிவிட்டு மிச்சத்தை விட்டிருந்தால், மிச்ச இழைகள் எல்லாப் பாரத்தையும் தாங்கிச் சூடாகி, வாரங்கள் கழித்து ஒருநாள் அறும். சுவிட்ச் போர்டுக்கு வரும் பைப் பெரும்பாலும் தளத்திலிருந்து நேராகக் கீழே இறங்கும். அதனால் எந்த போர்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் ஆணி, டிரில் எதுவும் கூடாது. உங்கள் டிவி ஸ்டாண்டின் திருகு எதுவாவது ஹால் போர்டின் நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். இருந்தால் அந்தத் திருகைக் கழற்றிப் பாருங்கள், கழற்றும்போது மெயின் அணைந்திருக்கட்டும். திருகு பேஸ் வயரையும் தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்டாண்ட் முழுதும் கரண்ட் இருக்கும்.

பழுது ஜாயிண்டில் என்றால் சரிசெய்வது எளிது. கறுத்த செம்பை வெட்டி எறிந்துவிட்டு, பளபளவென்று புதுச் செம்பு தெரியும்வரை பின்னால் போய் உரிக்க வேண்டும். வயர் குட்டையாகிவிட்டால் அதே தடிமனில் ஒரு துண்டு சேர்க்கலாம். மறுபடி எல்லாவற்றையும் முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். திருகு வைத்த கனெக்டர் ஸ்ட்ரிப் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு திருகுக்கு இரண்டு வயருக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றாக இறுக்கி, இழுத்துப் பார்த்து மூட வேண்டும்.

பைப்புக்குள் அறுந்திருந்தால் புது வயர் இழுக்க வேண்டும், சுவரை உடைக்க வேண்டியதில்லை. பழைய பேஸ் வயரின் முனையில் புது பேஸையும் புது நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, மறுமுனையிலிருந்து ஒருவர் இழுக்க, இந்தப் பக்கம் ஒருவர் தள்ளிக் கொடுத்தால் வந்துவிடும். வராவிட்டால் ஸ்டீல் ஸ்பிரிங் விட்டு இழுப்பார்கள். லைட் லைனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். ஹால் பிளக்கில் அயர்ன் பாக்ஸ் போடுவதால் டிபியிலிருந்து ஹால் போர்டுவரை 2.5 போட்டுவிடச் சொல்வேன். நியூட்ரல்தானே என்று மெல்லிய வயர் போடுவார்கள், அனுமதிக்காதீர்கள். பேஸில் போகிற அதே கரண்ட்தான் நியூட்ரலிலும் திரும்புகிறது. இன்னொன்று, பைப்புக்கு நடுவில் ஜாயிண்ட் வரவே கூடாது. ஜாயிண்ட் என்றால் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். டிரில் துளைத்த பைப்பை ஒரு சாண் அளவுக்குக் கொத்தி மாற்ற நேரலாம், அதற்கு மேல் பூச்சுக்குச் சேதம் வராது.

மினுங்கும் எல்இடி பல்புக்கு இதில் பங்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நியூட்ரல் சரியான பிறகு பாருங்கள். அப்போதும் மினுங்கினால் அந்த சுவிட்ச் பேஸை வெட்டுகிறதா, நியூட்ரலை வெட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலை வெட்டினால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் பேஸ் நிற்கும், பல்பு மாற்றும்போது விரல் பட்டால் அடிக்கும். உடனே மாற்ற வேண்டும். பேஸைத்தான் வெட்டுகிறது என்றால், நீளமான பைப்பில் பக்கத்து வயரிலிருந்து தொற்றும் துளிக் கரண்ட்டில் மினுங்குகிறது. அதில் ஆபத்தில்லை, வேறு பல்பு போட்டாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒன்றரை லட்சத்துக்கு மொத்த வயரிங்கையும் மாற்றச் சொன்னவர் வயரின் மேலுறையில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்தாரா? கேளுங்கள். எல்இடி பல்பு, டிவி, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரில் பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இன்சுலேஷன் பார்க்க வேண்டும். ஒரு மெகாஓமுக்கு மேல் இருந்தால் அந்த லைன் இன்னும் ஓடும். அதற்குக் கீழே போகிற லைனை மட்டும் மாற்றினால் போதும். வயது 30 ஆகிறது என்பதற்காக மட்டும் சுவரை உடைக்க வேண்டாம். உங்கள் பழுது ஒரு நியூட்ரல், அரை நாள் வேலை. மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை எர்த் குழிக்குச் செலவழியுங்கள். குழியைத் திறந்து, பைப்பில் வயர் சேரும் நட்டைத் துருநீக்கி முடுக்கி, தடையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

உங்களுக்குச் சம்பந்தமில்லை என்றாலும் மற்ற வாசகர்களுக்காக ஒன்று. ஹால் மட்டும் போகாமல் வீடு முழுவதும் லைட் திடீரென்று மங்குவதும் பளிச்சென்று வெளுப்பதுமாக இருந்தால், நியூட்ரல் அறுந்தது சர்வீஸ் வயரிலோ கம்பத்திலோ இருக்கலாம். மும்முனை இணைப்பில் இது நடந்தால் சில நிமிடத்தில் டிவியும் ஃபிரிட்ஜும் எரிந்துவிடும். யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987ஐக் கூப்பிடுங்கள். கம்பத்தில் கை வைப்பது அவர்கள் வேலை.

எல்லாம் முடிந்ததும், வயர்மேன் கிளம்புவதற்கு முன்னால், ஹாலில் அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டுச் சமையலறை பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வயரைக் கவ்விப் பிடித்தே கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் எர்த் வயரைப் பிடித்துப் பார்க்கட்டும், கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். ஆர்சிசிபியில் டி என்று எழுதிய பட்டனை அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் டைரக்ட் செய்ததை இன்னும் முழுதாக எடுக்கவில்லை, இல்லையென்றால் ஆர்சிசிபியே கெட்டுவிட்டது.

இத்தனைக்கும் பிறகு சும்மா இருக்கும்போதே ஆர்சிசிபி விழுந்தால், பெரும்பாலும் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எம்சிபிகளை இறக்கிப் பயனில்லை, அவை பேஸை மட்டும்தான் வெட்டும். மெயினை அணைத்து, லிங்க்கிலிருந்து நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்த லைன் என்று தெரிந்துவிடும். அப்புறம், கீழுக்கும் மாடிக்கும் தனித்தனி ஆர்சிசிபி இருந்து, படிக்கட்டு லைட்டைப் போடும்போது மட்டும் விழுந்தால் அந்த லைட்டைச் சந்தேகப்படுங்கள். 2010இல் மாடி எடுத்தபோது, டூ-வே சுவிட்சுக்குப் பேஸைக் கீழேயிருந்தும் நியூட்ரலை மாடியிலிருந்தும் எடுத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே தளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் நின்றுவிடும்.

அதிலும் நிற்கவில்லை என்றால் எந்த நேரத்தில், எந்த சுவிட்சைப் போடும்போது விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து எழுதுங்கள். ஹால் போர்டைத் திறந்தபோது எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.